ஷாம்பு விற்கிற கடையில் வாங்கிய துவக்கு

அதை நான் வாங்கியது ஜேர்மனியில், சவர்க்காரமும் ஷாம்புவும் குழந்தைகளின் நாப்கினும் விற்கிற ஒரு கடையில். பெண்கள் உதட்டுச்சாயம் பார்த்துக்கொண்டு நிற்கிற தட்டுக்குப் பக்கத்துத் தட்டில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். கைக்குள் அடங்குகிற சின்னக் குப்பி. அதன் மேல் பாய்கிற நாயின் படம். கடிக்க வருகிற நாயின் முகத்தில் அடிக்கிற மிளகாய்த் தண்ணீர் என்று எழுதியிருக்கும். எந்த நாய்க்கு என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஜேர்மனியில் இருந்த பதினாறு வருடமும் என் கைப்பையில் அப்படி ஒன்று கிடந்தது. விடிய முன்னர் அலுவலகங்கள் துடைக்கப் போகிற காலத்தில், என்னோடு வேலை செய்த துருக்கிப் பெண் முதல் குப்பியை வாங்கித் தந்தாள். ஒரு நாளும் நான் அதை அமுக்கியதில்லை. வீட்டுத் திறப்பு மாதிரி, பஸ் அட்டை மாதிரி, கையை விட்டால் தட்டுப்பட வேண்டிய ஒரு சாமான். மகளின் ஆங்கிலப் படிப்புக்காக நாங்கள் லண்டன் வந்தபோது அது காலாவதியாகிவிட்டிருந்தது. எறிந்துவிட்டு வந்தேன். லண்டனில் அதை ஏன் எந்தக் கடையிலும் காணவில்லை என்று நான் யோசித்ததே இல்லை. எதற்கெடுத்தாலும் யோசிக்கிற நான் அதை யோசிக்கவில்லை.

ஈஸ்ட் ஹாமில் ஹை ஸ்ட்ரீட்டுக்குப் பின்தெருவில் இருக்கிற ஒரு சமையலறையில் எனக்கு வேலை கிடைத்தது. ரோல்ஸ், பற்றிஸ், மிதிவெடி எல்லாம் செய்து தமிழ்க் கடைகளுக்குக் கொடுக்கிற இடம். அவித்த முட்டையும் இறைச்சியும் வைத்துச் சுற்றிய பெரிய ரோல்சுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர்தான் மிதிவெடி. ஊரில் நிலத்துக்குள் இருந்தது இங்கே எண்ணெய்க்குள் கிடக்கிறது என்று அந்த இடத்தை நடத்துகிற அன்ரி சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு எதிர் மேசையில் ஒரு பெண். நான் ரொட்டி சுடுவேன், அவள் கறி வைத்துச் சுற்றுவாள். என்னைவிடப் பதினான்கு வயது குறைவு. யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் கட்டி வந்து எட்டு வருடம். ஆறு வயதில் ஒரு பெண்பிள்ளை. கணவர் ஒரு பெற்றோல் நிலையத்தில் மனேஜர். அவளை ஏற்றிப்போக வந்தால் உள்ளே எட்டிப் பார்த்து, "எப்பிடி அக்கா, சுகமோ?" என்று கேட்காமல் போகமாட்டார். நல்ல மனிதர் என்றுதான் நானும் மகளுக்குச் சொல்லியிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் இடது கையால் ரோல்ஸ் சுற்றினாள்.

"என்ன பிள்ளை, இண்டைக்குப் புதுப் பழக்கம்?"

"வலது கை உளைவு அக்கா."

"காட்டு பாப்பம்."

"சூடு பட்டது."

"சூடு நாலு விரலாவோ படுறது?"

அவள் கையுறையை மணிக்கட்டுக்கு மேலே இழுத்துவிட்டாள். அன்றைக்கு அவள் சுற்றியதெல்லாம் எண்ணெய்க்குள் வாய் பிளந்தது. அன்ரி கத்துவதற்கு முன் அவற்றை என் தட்டில் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு எனக்கு நித்திரை இல்லை. என் மகள் கொலிஜால் வரப் பத்து நிமிடம் பிந்தினாலே வாசலில் நிற்பவள் நான். இப்போது இவளும் சேர்ந்துகொண்டாள். காலையில் அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவரைக்கும் என் கண் கதவில் இருக்கும். வந்தால் முகம், கழுத்து, கை என்று பார்ப்பேன். அவளுக்கும் தெரியும். ஒரு நாள் கோழி எடுக்கக் குளிர் அறைக்குள் போனபோது, கேட்காமலே சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டினாள். அங்கேயும் விரல் அடையாளம்.

"பொலிசுக்குச் சொல்லு பிள்ளை."

"சொன்னாப் பிள்ளையை எடுத்துப்போடுவாங்கள் எண்டு சொல்லுறார். உனக்கு இங்கிலீசும் தெரியாது, போறதுக்கு வீடும் இல்லை, பிள்ளையை என்னட்டத்தான் குடுப்பாங்கள் எண்டு."

"அவர் சொன்னாச் சட்டமோ?"

"வீட்டுக்க அவர் சொல்லுறதுதானே அக்கா சட்டம்."

அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நகை, வீடு, மானம் மரியாதை எதைப் பற்றியும் அவள் பேசியதில்லை. பிள்ளை தன்னோடு இருக்கவேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கிழமையோ அடுத்த கிழமையோ, அன்ரி கைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டு சத்தம் போட்டார்.

"இஞ்ச பாருங்கோடி! அமெரிக்காவில ஒருத்தி ஹான்ட்பாக்குக்க துவக்கு வைச்சிருக்கிறாளாம். மனுசன் கை ஓங்கினா எடுத்துக் காட்டுவாளாம்."

"காட்டுறதோட சரியோ, வெடியும் வைப்பாளோ?" என்றேன் நான்.

"காட்டினாக் காணும். எங்கட ஆம்பிளையளுக்கு ஒருக்காக் காட்டினா ஒரு மாசத்துக்குத் தேத்தண்ணி தாங்களே ஊத்திக் குடிப்பினம்."

"உங்கட மனுசனுக்குத் துவக்கு தேவையில்லை அன்ரி. நீங்க வாயைத் திறந்தாக் காணும்" என்று அவள் சொன்னாள்.

"ஓமடி, இந்த வாய் இல்லாட்டி எங்களைச் சுருட்டி எண்ணெய்க்க போட்டிருப்பாங்கள்."

"நாங்கள் ஒரு நாளைக்கு இருநூறு மிதிவெடி செய்யிறம். ஒண்டை நான் வீட்டை கொண்டு போகவோ?" என்றாள் அவள்.

அன்ரி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு ரொட்டிக் கல்லின் சத்தத்துக்குள் எனக்கு மட்டும் கேட்கிறமாதிரிச் சொன்னாள்:

"பகிடிக்கில்லை அக்கா. ஒண்டு இருந்தா நல்லது. சுடுறதுக்கில்லை. என்னட்ட இருக்கு எண்டு அவருக்குத் தெரிஞ்சாக் காணும்."

துவக்கோடு ஒரு பெண் வீட்டுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். போர்க்காலத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுப் பெண்பிள்ளை இயக்கத்துக்குப் போனது. அந்தத் தகப்பன் கையில் கிடைத்ததை எடுத்துத் தாயை அடிக்கிறவர். பிள்ளை ஒருமுறை ஒரு நாள் லீவில் வந்து நின்றது. துவக்கைக் கதவு மூலையில் சாத்திவைத்துவிட்டுச் சாப்பிட்டது. அன்றைக்குத் தகப்பன் தானே தண்ணீர் அள்ளினார், தானே கோப்பை கழுவினார். தாயை "இஞ்சேரும்" என்று மரியாதையாகக் கூப்பிட்டது எங்கள் வீட்டுக்குக் கேட்டது. அடுத்த நாள் காலை பிள்ளை போனது. மத்தியானம் முடிய முன்னர் தாய் கத்துகிற சத்தமும் கேட்டது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அடுத்த வருடம் இடம்பெயர்ந்ததோடு என் பள்ளிக்கூடமும் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்தது அதிகம் ஞாபகமில்லை, இது ஞாபகம் இருக்கிறது. அந்தத் துவக்கு தாயின் கையில் இருந்திருந்தால் என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். இருந்திருந்தால் அவள் நித்திரை கொண்டிருக்க முடியுமா, அதை அவர் பறித்துவிடமாட்டாரா என்றும் யோசித்திருக்கிறேன். என் யோசனை எப்போதும் அந்த இடத்தில் நின்றுவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் பெரியபிள்ளையான அக்காவின் மகளுடைய சாமத்திய வீட்டுக்கு ஜேர்மனிக்குப் போனேன். சேலைக்கு ஊசி வாங்கப் போன கடையில் அந்த நாய்ப் படத்தைக் கண்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையாகச் சொல்கிறேன், ஒரு பெரிய பிரச்சினைக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டமாதிரி இருந்தது. துவக்கு வேண்டாம், யாரும் சாகவேண்டாம், இது போதும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் முழு வழியும் பயந்துகொண்டு வந்தேன். எதற்குப் பயந்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அக்கா தந்த சீஸ் கட்டிக்கும் ஒரு சுற்று சொசேஜுக்கும். இறைச்சியும் பாலும் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கப்பல் ஏறுகிற இடத்தில் சொசேஜைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். சீஸைப் போட மனம் வராமல், அதிகாரி கேட்க முன்னரே எடுத்து நீட்டினேன். அவர் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். குப்பி பையின் பக்கத்து அறையில், கைதுடைக்கிற பேப்பருக்கும் வெயில் கிரீமுக்கும் நடுவில் இருந்தது. அதை நான் நினைக்கவே இல்லை.

குளிர் அறைக்குள் வைத்துத்தான் கொடுத்தேன்.

"இது என்ன அக்கா, சென்ற்றோ?"

"சென்ற்றில்லை. இதுதான் உன்ர துவக்கு."

எப்படிப் பிடிப்பது, எங்கே பெருவிரலை வைப்பது என்று காட்டினேன்.

"காத்துக்கு எதிரா நிண்டு அடிக்காத. முகத்தைப் பாத்து ஒருக்கா அடி. அடிச்சிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியில ஓடு. வெளியில நிண்டு பொலிசுக்குப் போன் பண்ணு."

"சாகமாட்டாரே?"

"சாகிற சாமானில்லை. அரை மணித்தியாலம் கண் எரியும்."

"பாவம்" என்றாள் அவள்.

ஆறு கிழமை அவள் வேறு ஆளாக இருந்தாள். மா டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன் என்றாள். ஒரு நாள், "நேற்று அவர் கத்தேக்க நான் நிலத்தைப் பாக்கேல்லை அக்கா, முகத்தைப் பாத்தனான்" என்றாள். இன்னொரு நாள், "நித்திரை கொண்டனான் அக்கா, விடியும்வரைக்கும்" என்றாள். நான் வீட்டுக்கு வந்து மகளுக்குச் சொன்னேன், ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறேன் என்று. என்ன காரியம் என்று சொல்லவில்லை.

நடந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். பிறகு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிள்ளையைத் தமிழ் வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். சாப்பாடு பிந்திவிட்டது. அவர் அடுப்படிக்குள் வந்து பின்னாலிருந்து தலைமயிரைப் பிடித்து இழுத்து, தலையை அலுமாரிக் கதவோடு வைத்து அழுத்தியிருக்கிறார். அவள் கை மா டப்பாவுக்குப் பின்னால் போனது. நான் சொன்னமாதிரியே முகத்தைப் பார்த்து ஒருமுறை அடித்தாள்.

இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத அடுப்படி. யன்னல் பூட்டியிருந்தது. வெளியில் காற்றுக்கு எதிராக நிற்காதே என்று சொன்ன எனக்கு, வீட்டுக்குள் அந்தச் சாமானுக்குத் திசையே இல்லை என்று தெரியாது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தார். சத்தம் கேட்டுப் பிள்ளை "அம்மா" என்றுகொண்டு வாசலில் வந்து நின்றது. அது மூச்சு எடுத்தபோது அந்தப் புகையைத்தான் எடுத்தது. தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னேன். அவளுக்குக் கண் தெரியவில்லை. பிள்ளை கத்துகிற பக்கத்தைக் கையால் தடவித் தடவிக் கண்டுபிடித்து, குழாய்க்குக் கீழே முகத்தைப் பிடித்திருக்கிறாள்.

அவளே பொலிசைக் கூப்பிட்டாள். நான் பாடமாக்கிக் கொடுத்த நாலு ஆங்கிலச் சொல்லையும் வீட்டு விலாசத்தையும் சொன்னாள்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பெண். அந்தப் பெண் பிள்ளையைப் போர்வையால் சுற்றி அம்புலன்ஸ்காரரிடம் கொடுத்துவிட்டு, இவளின் தோளைத் தடவி, அவர் உன்னை அடித்தாரா என்று சைகையோடு கேட்டார். எட்டு வருடத்தில் முதல் தடவையாக இவள் ஓம் என்று சொன்னாள். முகத்தில் அடித்தது என்ன என்று அடுத்துக் கேட்டார். இவள் போய் அதை எடுத்துவந்து, பெரியவர்களுக்குக் கொடுக்கிறமாதிரி இரண்டு கையாலும் நீட்டினாள். அதோடு அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது என்று சொன்னாள்.

தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்தார்கள். தமிழ்நாட்டுப் பெண்.

"அம்மா, இந்த நாட்டுச் சட்டத்துல இது துப்பாக்கிக் கணக்குலதாங்க வருது. வீட்டுல வெச்சிருந்ததே குத்தம்னு சொல்றாங்க. உங்களைக் கைது பண்றாங்கம்மா."

"துப்பாக்கியோ? ஐயோ, அது நாய்க்கு அடிக்கிறது எண்டு சொல்லுங்கோ."

"உங்க வீட்டுல நாய் இருக்காம்மா?"

"இல்லை."

யார் தந்தது என்று கேட்டார்கள். கடையில் வாங்கினேன் என்றாள். எந்தக் கடை என்றார்கள். தெரியாது என்றாள்.

கணவருடைய வீங்கின கண்ணையும் சிவந்த முகத்தையும் படம் எடுத்தார்கள். இவளைப் படம் எடுக்கக் காயம் ஒன்றும் இருக்கவில்லை. தலைமயிரைப் பிடித்து இழுத்தது படத்தில் தெரியாது.

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை போன் வந்தது. ஹலோ என்று நான் சொல்லி முடிக்க முன்னர் அவள் சொன்னது இதுதான்:

"அக்கா, உங்கட பேர் சொல்லேல்லை. பயப்பிடாதேங்கோ."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதற்குப் பிறகுதான், பிள்ளை எப்படி, நீ எங்கே நிற்கிறாய் என்று கேட்டேன். அந்த வரிசையை என்னால் மறக்க முடியவில்லை.

மகள் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கைபேசியில் தேடினாள். வாசிக்க வாசிக்க முகம் வெளிறியது.

"அம்மா, இது ஃபயர் ஆர்ம்ஸ் சட்டத்திலதான் வருது. வைச்சிருக்கிறதே குற்றம். நீங்க வெளிநாட்டில இருந்து கொண்டு வந்து குடுத்திருக்கிறீங்கள்."

"மிளகாய்த் தண்ணி எப்பிடியடி துவக்காகும்?"

"ஜேர்மனியில ஆகாது. இஞ்ச ஆகும். அம்மா, ப்ளீஸ், ஆருக்கும் சொல்லாதேங்கோ. ப்ளீஸ்."

அன்றிலிருந்து வாசல் மணி அடித்தால் எழும்பமாட்டேன். தபால்காரனுக்குக் கதவு திறக்கமாட்டேன். ஹை ஸ்ட்ரீட்டில் பொலிஸ் உடுப்பைக் கண்டால் நகைக்கடைக்குள் போய், வாங்காத சங்கிலியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அவளை நீதிமன்றத்துக்கு அனுப்பவில்லை. எச்சரித்து, அதை எழுதிவைத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த எழுத்துப் போதுமாக இருந்தது. பிள்ளையின் கண்ணிலும் மூச்சிலும் பட்டிருக்கிறது, வீட்டுக்குள் ஆயுதம் வைத்திருந்திருக்கிறாள் என்று ஆனது. பிள்ளை ஹரோவில் இருக்கிற தகப்பனின் தங்கை வீட்டுக்குப் போனது. தகப்பனும் அங்கேதான் நின்றார். பிள்ளை யாரோடு இருப்பது என்று குடும்ப நீதிமன்றத்தில் விசாரிக்க நாள் கொடுத்தார்கள்.

அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர் அவள் என் வீட்டுக்கு வந்தாள். மெலிந்துபோயிருந்தாள். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"அக்கா, சொலிசிட்டர் சொல்லுறா, அதைத் தந்தவா ஒரு கடிதம் தந்தா நல்லதாம். காயத்தைக் கண்டனான், பயத்தில வாங்கிக் குடுத்தனான், இந்த நாட்டுச் சட்டம் தெரியாது எண்டு எழுதினாக் காணுமாம். நான் ஆயுதம் தேடித் திரிஞ்சவள் இல்லை எண்டு ஜட்ஜுக்கு விளங்குமாம்."

"எழுதித் தாறன் பிள்ளை."

"உங்களுக்குப் பிரச்சினை வரும் எண்டா வேண்டாம்."

"நீ பேசாமல் தேத்தண்ணியைக் குடி."

அவள் போன பிறகு நானும் மகளும் மேசையில் இருந்தோம். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் அடித்தாள். நாலு விரல் அடையாளத்தைச் சொன்னேன். இடது கையால் ரோல்ஸ் சுற்றியதைச் சொன்னேன். குளிர் அறைக்குள் கழுத்தை விலக்கிக் காட்டியதைச் சொன்னேன். சொல்லிக்கொண்டு வந்து குப்பியிடம் நின்றேன். மகளின் விரலும் நின்றது. அதை விடுவோம் என்று எங்கள் இருவரில் யார் சொன்னது என்று ஞாபகமில்லை என்று இங்கே எழுதலாம். நான்தான் சொன்னேன்.

அடுத்த நாள் அவள் கடிதத்தை வாங்க வந்தாள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அவள், அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரைக்கும் கண்ணால் தடவினாள்.

"எல்லாம் எழுதியிருக்கோ அக்கா?"

"ஓம்" என்றேன்.

தீர்ப்பை அன்ரிதான் வந்து சொன்னார். இப்போதைக்குப் பிள்ளை தகப்பனோடு இருக்கும். தாய் சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம், யாராவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கப் பார்க்கலாம். அந்தச் சாமான் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லையாம். அவள் கணவர் இவ்வளவு காலமும் சொல்லிப் பயமுறுத்தியதை நான் நடத்திக் கொடுத்துவிட்டேன். அன்ரி சொல்லிவிட்டு மாவை எடுக்கப் போனார். நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். எதிர் மேசையில் புதிதாக வந்த பெண் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மகளுக்குச் சொல்லாமல் அடுத்த நாளே சொலிசிட்டரிடம் போனேன். அவருடைய உதவியாளர் தமிழ்ப் பிள்ளை. ஜேர்மனி, ஷாம்புக் கடை, பஸ், எல்லாவற்றையும் சொன்னேன். சொலிசிட்டர் எழுதிக்கொண்டு, தலையை நிமிர்த்தி ஒன்றைக் கேட்டார். உதவியாளர் அதைத் தமிழில் சொல்லக் கொஞ்சம் தயங்கினாள்.

"அக்கா, இதை ஏன் போன மாசம் சொல்லேல்லை எண்டு கேக்கிறா."

எனக்கென்று தனியாக ஒரு சொலிசிட்டரைப் பிடிக்கச் சொன்னார்கள். அடுத்த தவணைக்கு நான் சொன்னதைப் போடலாம், அதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, அதற்கிடையில் பிள்ளை அங்கே பழகிவிட்டால் அதையும் பார்ப்பார்கள் என்றார்கள். எனக்கு என்ன நடக்கும் என்று இன்னும் தெரியாது. பயம் குறையவில்லை. ஆனால் இப்போது கதவைத் திறக்கிறேன்.

அவள் மனோர் பார்க்கில் ஒரு வீட்டின் மேல் அறையில் இருக்கிறாள். போன சனிக்கிழமை போனேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, "வாங்கோ அக்கா, நான் பிள்ளையைப் பாக்க வெளிக்கிடுறன், நீங்களும் வாங்கோவன்" என்றாள், நேற்றும் சந்தித்தமாதிரி. பிள்ளைக்குப் புட்டு அவித்து, வாழைப்பழமும் சீனியும் பிசைந்து ஒரு டப்பாவில் வைத்திருந்தாள். பஸ்ஸின் மேல்தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். நாலு தரிப்பு கழிந்த பிறகு நான் வாயைத் திறந்தேன்.

"அண்டைக்கு நீ கேட்டனி, எல்லாம் எழுதியிருக்கோ எண்டு."

"ஓம். நீங்க ஓம் எண்டனீங்கள்."

"பொய் சொன்னனான் பிள்ளை."

"தெரியும் அக்கா. சொலிசிட்டர் வாசிச்சுக் காட்டினவா." அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். "எனக்குக் கோபம் வரேல்லை. அக்கா பயந்திட்டா எண்டு விளங்கினது. நானும் பயந்துதானே எட்டு வருஷம் இருந்தனான்."

அவள் என்னை ஏசியிருக்கலாம். ஏசினால் அழுதிருப்பேன், காலைப் பிடித்திருப்பேன். அவளுடைய டப்பாவின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தேன்.

பிள்ளைகளைப் பார்க்க விடுகிற இடத்தின் வாசலில் ஒரு மேசை போட்டிருந்தது. அங்கிருந்த பெண் எழும்பி வர முன்னரே அவள் பையைத் திறந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சீப்பு, பிள்ளைக்கு வாங்கிய தலைக் கிளிப், புட்டு டப்பா, கைதுடைக்கிற பேப்பர். எல்லோருக்கும் இப்படித்தானா, அந்த எழுத்தினால் இவளுக்கு மட்டுமா என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண் அன்பாகத்தான் பார்த்தார், தலையை ஆட்டினார்.

உள் கதவு கண்ணாடி. அந்தப் பக்கம் பிள்ளை நின்றது. இரட்டைப் பின்னல், யாரோ நன்றாகத்தான் பின்னிவிட்டிருந்தார்கள். தாயைக் கண்டு ஓடிவரவில்லை. முதலில் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே ஒரு கையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டது.

"ஒவ்வொரு கிழமையும் இப்பிடித்தான் அக்கா" என்றாள் அவள். "ஒரு பத்து நிமிசம் போகும், பேந்து வருவாள்."

புட்டு டப்பாவையும் கிளிப்பையும் எடுத்துக்கொண்டு பையை என்னிடம் தந்தாள். டப்பாவைக் கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துக் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பிள்ளைக்குக் காட்டினாள். உள்ளங்கை, பிறகு புறங்கை. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு மெதுவாக உள்ளே போனாள்.

என்னை உள்ளே விடமாட்டார்கள். வெளியில் போட்டிருந்த மர வாங்கில் அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலமும் இருந்தேன்.